மர்சேய் ரயிலில் போட்ட துண்டு

வெளிநாட்டில் ரயில் பாஸ் வாங்கிப் பயணம் செய்வது எப்படி என்று திண்டிவனத்தில் ஒரு மன்றத்தில் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். கைதட்டல் நன்றாகவே இருந்தது. அப்போது நான் வெளிநாட்டு ரயில் எதிலும் ஏறியதில்லை. ஏறி இறங்கி வந்த பிறகு அந்தத் தலைப்பில் பேச என்னை யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தால் பேசியிருப்பேன். என் குணம் அப்படி.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் விழுப்புரத்தில் குடியிருந்தேன். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். தினமும் காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். வழியில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நான்கே நிறுத்தம். கையில் சீசன் டிக்கெட். கல்லூரியில் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. கடைசி வரிசையில் பாதிப் பேர் தூங்குவார்கள். எனக்கு உண்மையான மரியாதை கிடைத்த இடம் இன்ஜினிலிருந்து மூன்றாவது பெட்டி. அங்கே நான்தான் சட்டம்.

சட்டம் என்றால் துண்டு போடும் சட்டம். யார்டிலிருந்து வண்டி பிளாட்பாரத்துக்கு வரும்போது, அது நிற்பதற்குள் யாருடைய பொருள் பலகையில் விழுகிறதோ அவருக்கே இடம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லாப் பொருளும் சமம் இல்லை என்பதைப் பெட்டிக்கு வகுத்துக் கொடுத்தவன் நான். கைக்குட்டை ஓர் இடம் பிடிக்கும். விரிந்து விழுந்த துண்டு மூன்று இடம் பிடிக்கும். சுருண்டு விழுந்த துண்டுக்கு ஒன்றுதான். செய்தித்தாள் செல்லாது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் படிக்க ஆரம்பிக்கலாம், படிக்கிறவர் உட்கார்ந்துதானே படிப்பார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பொட்டலம், அதைவிட மோசம். பிடித்த இடமும் போகும், பொட்டலமும் போகும். தகராறு வந்தால் என்னிடம் வருவார்கள். நான் இரு தரப்பையும் கேட்டுவிட்டு, விக்கிரவாண்டி வருவதற்குள் தீர்ப்புச் சொல்வேன். அதுவரை இருவரும் நிற்க வேண்டும். அவர்கள் இடத்தில் நான் கால் நீட்டிக்கொள்வேன்.

என்னிடம் சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு ஒன்று இருந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அதைச் சுண்டி எறிந்தால், உள்ளே போய்த்தான் விரியும். எதிர் பலகையில் நான்கு முழமும் சுருக்கமில்லாமல் படுக்கும். இந்தக் கைவாகுக்காக முன்பின் தெரியாதவர்கள்கூட என்னிடம் வந்து கைகுலுக்கியிருக்கிறார்கள்.

அதே பெட்டியில் என்னோடு கணிதப் பேராசிரியர் ஒருவர் வருவார். எங்கள் கல்லூரிதான். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். வெள்ளைச் சட்டை, தோளில் துணிப்பை. பதினான்கு வருஷத்தில் அவர் ஒரு நாளும் துண்டு போட்டதில்லை. இதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி நின்ற பிறகு, இறங்குகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டு, கடைசியில் ஏறுவார். இடம் இருந்தால் உட்காருவார், இல்லாவிட்டால் கதவோரம் நின்றபடி வருவார். நான் பிடித்து வைத்திருக்கும் மூன்று இடத்தில் ஒன்றைக் கொடுத்தால், "யாராவது பொம்பளைங்க வந்தா எழுந்துக்கிறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். என்னைவிட மூத்தவர், ஆனால் கடைசிவரை என்னை 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

அவர் மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள். அவளை ஒரு புதுச்சேரிப் பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பையனுக்குத் தெற்கு பிரான்சில் மர்சேய் என்ற துறைமுக ஊரில் வேலை. அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கர்ப்பமாக இருக்கிறாள், ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்று கடிதம் வந்தது. அந்த நாள் கோடை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி.

கணிதக்காரர் அந்தக் கடிதத்தை ரயிலில் எனக்குப் படிக்கக் கொடுத்தார். கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தாள்: "அம்மா இருந்தா வெளியில நின்னுருப்பாங்க. நீங்க வந்து நின்னா போதும்பா. உள்ள போறப்ப உங்க முகத்தப் பாத்துட்டுப் போறேன். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் அதுவரை பெங்களூரைத் தாண்டியதில்லை. "எப்படிங்க போறது?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். இத்தனைக்கும் அவர் கேட்டது யோசனை மட்டும்தான். நான் கொடுத்தது என்னை.

நானும் வருகிறேன் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியே என்னைப் பாராட்டியது. உண்மை என்னவென்றால், சுவிட்சர்லாந்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக இருந்தது. வீட்டில் சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. ஒரு தாயில்லாப் பெண்ணின் பிரசவத்தைவிட நல்ல காரணம் எங்கே கிடைக்கும்?

ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான ரயில் பாஸ் ஒன்று அப்போது இருந்தது. வெளியிலிருந்து போகிறவர்கள் தங்கள் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். பதினைந்து நாள், எந்த நாட்டிலும், முதல் வகுப்பில். அவருக்குத் தேவைப்பட்டது பாரிஸிலிருந்து மர்சேய்க்குப் போக ஒரு டிக்கெட், திரும்பி வர ஒரு டிக்கெட். பாஸ் தேவைப்பட்டது எனக்கு. ஆனால் நான் அப்படிச் சொல்லவில்லை.

"நம்ம சீசன் மாதிரிதான் சார். கையில வெச்சுக்கினா எந்த வண்டியிலயும் ஏறலாம், எங்க வேணா இறங்கலாம். எவனும் ஒண்ணும் கேக்க முடியாது."

"மாப்பிள்ளை வேற மாதிரி எழுதியிருக்காருங்களே. ஸ்டேஷன்ல பாஸைக் காட்டி முத்திரை போட்டுக்கணுமாம். அந்த வேக வண்டிக்கு சீட்டு தனியா பதியணுமாம். பதியாம ஏறக் கூடாதுன்னு அடிக்கோடு போட்டிருக்காரு."

"அதெல்லாம் வெளியூர்க்காரனுக்கு எழுதுறது சார். நம்மள மாதிரி தினம் ரயில்ல போறவனுக்கு இல்ல."

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் எங்கள் பெட்டியின் வாய். அவர் எதிர் பலகையிலிருந்து கேட்டார். "இன்னா சார், அங்கயும் துண்டு போட்டுக்கினு தான் போவீங்களா?"

"அங்க இன்னும் வசதிய்யா. கூட்டமே இருக்காது."

"அப்ப இன்னாத்துக்கு சார் துண்டு?"

பெட்டி சிரித்தது. நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். ஆனால் துண்டைப் பயணப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கடைசியில் இருவருமே பாஸ் வாங்கினோம். புதுச்சேரியில் ஒருவரிடமிருந்து ஐரோப்பிய ரயில் கால அட்டவணை ஒன்றை இரவல் வாங்கினேன். தலையணை கனம், மூன்று வருஷம் பழசு. அதை வைத்துக்கொண்டுதான் மன்றத்தில் அந்தச் சொற்பொழிவை ஆற்றினேன். பாரிஸில் எத்தனை பெரிய ரயில் நிலையங்கள், எதிலிருந்து எந்தத் திசைக்கு வண்டி என்றெல்லாம் பலகையில் படம் போட்டேன். மயிலத்துக்கு அடுத்த ஸ்டேஷனைப் பற்றிப் பேசுவது போலப் பேசினேன். அரிசி மண்டிக்காரர் ஒருவர் எழுந்து, "இந்த பாஸ்ல நம்ம ஊர் வண்டியிலயும் போலாமுங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் சரியான பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான்.

ஒரு வாரம் முன்னதாகவே புறப்படுவதாக இருந்தது. அவருடைய விசா உடனே வந்துவிட்டது. சுவிட்சர்லாந்துக்கும் சேர்த்து நான் கேட்டதால் என்னுடையது தாமதமானது. "நீங்க முன்னாடி போங்க சார்" என்று நான் சொல்லியிருக்கலாம். "சேந்தே போவோம் சார், தனியா மாட்டிக்கினு முழிப்பீங்க" என்று சொன்னேன். அதனால் பாரிஸில் நாங்கள் இறங்கியது அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான். அப்போதும் நேரம் இருந்தது. பத்து மணி வேக வண்டியில் ஏறினால் மூன்று மணிக்கு மர்சேய். மாப்பிள்ளையின் தம்பி ஸ்டேஷனில் காத்திருப்பார். மூன்றரைக்கு ஆஸ்பத்திரி. எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

ஸ்டேஷனுக்கு ஒன்பது மணிக்கே வந்துவிட்டோம். கணிதக்காரர் மருமகனின் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கையில் ஒரு கண்ணாடி பாட்டில். திருவெண்ணெய்நல்லூரில் இருந்த அவர் அக்கா கிளறிக் கொடுத்த பிரசவ லேகியம். விமானத்தில்கூட அதைக் கீழே வைக்கவில்லை. அவர் கடிதத்தை எடுத்துப் பார்த்து, முன்பதிவு ஜன்னலைக் கண்டுபிடித்து, வரிசையில் போய் நின்றார். வரிசை மிக நீளமாக இருந்தது. நான் பிளாட்பாரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. கதவுகள் திறந்திருந்தன. உள்ளே காலியாக, வரிசை வரிசையாக, ஆரஞ்சு நிற இருக்கைகள். பதினான்கு வருஷம் விழுப்புரத்தில் துண்டு போட்ட ஒருவனுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்பதை என்னால் எழுத்தில் சொல்ல முடியாது.

"சார், வாங்க. வண்டி நிக்குது, காலியா கெடக்குது. இங்க இன்னாத்துக்கு நின்னுக்கினு?"

"பதிஞ்சுட்டு வந்துடறேங்க."

"வண்டி போயிடும் சார்!"

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பாட்டிலை அணைத்தபடி அவர் வந்தார்.

வண்டியின் ஜன்னல்கள் திறக்காத வகை. வெளியிலிருந்து எறிய முடியாது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. உள்ளே ஏறி, எதிரெதிராக இருந்த இருக்கைகளில் நல்லதாக இரண்டைத் தேர்ந்து, அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அடுத்த இருக்கையில் துண்டை விரித்தேன். விட்டு வைப்பானேன் என்று எதிரில் இருந்த ஒன்றின் மீதும் துண்டின் மறுமுனையைப் போட்டேன். கால் நீட்டிக்கொள்ளலாம். பிறகு கதவருகே போய் நின்று, ஐரோப்பாவே என் மூன்றாவது பெட்டி என்பது போலப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது ஒரு வயதான அம்மாள் என் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நான்காக, பிறகு எட்டாக, கரை வெளியே தெரியும்படி, துணிக்கடையில் மடிப்பது போல மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். ஏதோ சொன்னார். குரலில் கோபம் இல்லை. நான் தவறவிட்ட பொருளை எனக்கு எடுத்துக் கொடுத்த திருப்தி இருந்தது. அவர் கையில் ஒரு சீட்டு, அதில் ஓர் எண். இருக்கையின் மேலேயும் அதே எண்.

நாங்கள் அடுத்த பெட்டிக்குப் போனோம். துண்டை விரித்தேன். பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு தம்பதி வந்தார்கள். அந்தக் கணவர் துண்டை இரண்டாக மடித்துக் கொடுத்தார். மூன்றாவது பெட்டியில் ஒரு ராணுவ வீரர். அவர் மடிக்கவில்லை, இரண்டு விரலால் தூக்கிக் கொடுத்தார். வண்டி புறப்பட்டது. நான்காவது பெட்டியில் இடம் தேடி நாங்கள் நடக்கும்போது, எல்லோரும் என் தோளில் கிடந்த துண்டையும் அவர் கையில் இருந்த பாட்டிலையும் பார்த்து, குளிக்கும் அறையைத் தேடுகிறோம் என்று நினைத்து, பின்பக்கம் கை காட்டினார்கள்.

கதவுகளுக்கு நடுவே இருந்த இடத்தில் நின்றோம். கணிதக்காரருக்கு அதில் வருத்தமே இல்லை. கதவோரம் நின்று போவது அவருக்குப் பழக்கம்தானே. "நல்லா காத்தோட்டமா இருக்குங்க" என்றார். ஜன்னல் எதுவும் திறக்கவில்லை என்பதை அவருக்கு நினைவுபடுத்த எனக்கு மனம் வரவில்லை.

பரிசோதகர் வந்தார். பாஸைக் காட்டினேன். அதில் முத்திரை இல்லை. முன்பதிவுச் சீட்டும் இல்லை. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. பொறுமையாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் அபராதம் கட்டினால் பாஸில் தானே தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகவும், கதவோரம் இருந்த மடக்குப் பலகையை விரித்து மர்சேய் வரை உட்கார்ந்து போகலாம் என்றும் சொன்னார். அவரே பலகையை இறக்கிக் காட்டினார். இதைவிட ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்?

"கட்டிடலாங்க" என்றார் கணிதக்காரர். பையில் கை விட்டுவிட்டார்.

நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் விஷயம். மூன்றாவது பெட்டியின் நீதிபதி, நான்கைந்து பேர் முன்னிலையில் டிக்கெட் இல்லாதவனாக நின்றுகொண்டிருந்தேன். "இருங்க சார், இது கொள்கை" என்றேன். முதல் வகுப்புப் பாஸ் வைத்திருப்பவனின் உரிமைகள் குறித்துப் பரிசோதகரிடம் நல்ல ஆங்கிலத்தில் பேசினேன். துணைவாக்கியங்களெல்லாம் சரியாக விழுந்தன. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, அப்படியானால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட வேண்டியதுதான் என்றார்.

"இறங்குவோம்" என்றேன். மானம் காத்துக்கொண்ட உணர்ச்சி எனக்கு.

"அடுத்த வண்டி எப்பங்க?" என்றார் கணிதக்காரர்.

"பின்னாடியே வருது சார். அட்டவணையில இருக்குது."

இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய அட்டவணையில்.

இறங்கிய ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதன் மீது ஒரு குற்றமும் இல்லை. சுத்தமான சின்ன ஸ்டேஷன். பகல் பன்னிரண்டு மணி. அந்த வார இறுதி அவர்களுக்கு ஏதோ விடுமுறை. அடுத்து வந்த வேக வண்டிகள் எல்லாம் நிரம்பியிருந்தன, முன்பதிவு இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்றார்கள். இந்த முறை நான் வாதாடவில்லை. மர்சேய்க்குப் போகும் சாதாரண வண்டி நாலரைக்கு என்றார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசி செய்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் மடியில் பாட்டில். நான் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தேன், அதில் இனிமேல் புதிதாக ஏதாவது அச்சாகிவிடும் என்பது போல. ஒரு கட்டத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு ஆச்சுங்க" என்றார்.

அவ்வளவுதான். அன்று முழுவதும் அவர் என்னிடம் புகார் என்று சொன்னது அந்த இரண்டு சொல்தான், அதுவும் புகாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நாங்கள் மர்சேய் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்திருந்தது. பெண் குழந்தை, தாயும் குழந்தையும் சுகம் என்று மாப்பிள்ளை சொன்னார். "ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினப்புறமும் அப்பா வந்துட்டாரா, அப்பா வந்துட்டாரான்னு கேட்டுக்கினே இருந்துச்சி மாமா. டாக்டர கால் மணி நேரம் நிறுத்தி வெச்சோம்." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கணிதக்காரர் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை உள்ளே விட்டார்கள். அந்தப் பெண் படுத்தபடியே அப்பாவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"எங்கப்பா போனீங்க?" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பாரோ. அநேகமாக, "லேட் ஆயிடுச்சும்மா" என்று மட்டும் சொல்லியிருப்பார். என்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார். இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஒரே பயம். அவர் பேசுவதற்குள் நான் பேசிவிட்டேன்.

"உங்கப்பாவக் கேக்கிறியா? ரயில்ல துண்டு போட்டாரும்மா உங்கப்பா! பிரான்ஸ் ரயில்ல! நான் சீட்டு பதிவு பண்ணலாம் சார், பண்ணலாம் சார்னு தலப்பாடா அடிச்சுக்கிறேன், மனுஷன் கேட்டாத்தானே?"

பிறகு அந்த அம்மாள் துண்டை மடித்த விதத்தை நடித்துக் காட்டினேன். ராணுவ வீரர் இரண்டு விரலால் தூக்கியதை நடித்துக் காட்டினேன். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு, "போதும் சித்தப்பா, வலிக்குது" என்று சிரித்தாள். சிரித்து முடித்து அப்பாவைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. "ஒரு தடவயாவது மத்தவங்க சொல்றத கேளுங்கப்பா" என்றாள்.

வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் சொல்வதை மட்டுமே கேட்ட மனிதர், "சரிம்மா" என்றார். பாட்டிலை மேஜை மேல் வைத்தார்.

அவர் பத்து நாள் அங்கேயே இருந்தார். நான் சுவிட்சர்லாந்து போனேன். சீட்டுப் பதிவு செய்துகொண்டுதான் போனேன். மலைகள் நன்றாக இருந்தன.

திரும்பி வந்ததும் காலை பாசஞ்சரில் கதை கேட்டார்கள். மகளிடம் சொன்னதையே சொன்னேன். அவரும் அதே பெட்டியில், எனக்கு எதிரில்தான் இருந்தார். நான் ஒரு கணம் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுப்பு இல்லை என்று தீர்ப்பெழுதிக்கொண்டேன். குமாஸ்தா தொடையைத் தட்டிக்கொண்டு, "இன்னா சார், இங்க ஒரு நாள் கூட போடாதவரு, அங்க போய் போட்டீங்களா? நம்ம பேஜாரு போதாதுன்னு பிரான்சுக்காரனுக்கு வேறயா?" என்றார். கணிதக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

நல்ல கதை; நன்றாகவும் சொல்வேன். சொல்லச் சொல்ல மெருகேறியது. ராணுவ வீரர் தளபதி ஆனார். மூன்று பெட்டி ஏழு பெட்டி ஆனது. பாட்டிலில் இருந்தது என்ன என்று பரிசோதகர் முகர்ந்து பார்த்ததாக ஒரு பகுதியைச் சேர்த்தேன். அது எங்குமே நடக்கவில்லை, ஆனால் பேரணியிலிருந்து மயிலம் வரை சிரிப்பார்கள். கல்லூரியில் மாணவர்கள் அவருக்குத் துண்டு சார் என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாள் அவர் வகுப்புக்குப் போனபோது நாற்காலியில் துண்டு விரித்திருந்தது. அவர் அதை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டுப் பாடம் நடத்தினார் என்று கேள்விப்பட்டேன். நான்காக, எட்டாக மடித்தாராம்.

இரண்டு வருஷம் கழித்து மகளிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டாவது குழந்தை. இந்த முறையும் அவர் எனக்குப் படிக்கக் கொடுத்தார். "நீங்க வர வேணாம்பா. வயசான காலத்துல உங்களுக்கு அலைச்சல். எங்களுக்கும் நீங்க எங்க இருக்கீங்களோன்னு கவலை. அத்தை பாண்டிச்சேரியிலேர்ந்து வராங்க, அவங்க பாத்துக்குவாங்க." மரியாதையான கடிதம்தான். ஒரு வரியில்கூடக் கோபம் இல்லை.

நான் மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்குப் பெட்டியில் கூட்டம் இல்லை. அவர் கொஞ்சம் என் பக்கம் நகர்ந்தார்.

"ஒரு உதவி பண்ணுவீங்களா?"

"சொல்லுங்க சார்."

"அன்னைக்கு என்ன நடந்ததுன்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிப் போடுங்களேன். நான் எழுதினா நம்பாது. தப்பிச்சுக்கப் பாக்கறாருன்னு நெனைக்கும்." கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "இங்க யாருக்கும் சொல்ல வேணாங்க. இங்க எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார்.

"கண்டிப்பா எழுதறேன் சார். இன்னைக்கே."

எழுதினேன். அது இன்னும் மோசம். ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். அன்றைய குழப்பத்துக்குப் பல காரணங்கள் என்று தொடங்கினேன். மொழிப் பிரச்சினை என்றேன், விடுமுறைக் கூட்டம் என்றேன். யாரையும் தனித்துக் குறை சொல்வதற்கில்லை என்று முடித்தேன். இரண்டு பக்கத்தில் 'நான்' என்ற சொல் வாழ்த்துச் சொல்லும் இடத்தில் மட்டும் வந்தது. தபாலில் போட்டேன். அவளிடமிருந்து பதில் வந்தது: "அப்பாவை விட்டுக் கொடுக்காமல் எழுதியிருக்கீங்க சித்தப்பா. உங்க பெருந்தன்மை யாருக்கு வரும்?"

கணிதக்காரர் ஒரு மாதம் காத்திருந்தார். பிறகு ஒரு நாள், "எழுதினீங்களா?" என்று கேட்டார். "எழுதினேன் சார்" என்றேன். அது பொய் இல்லை. அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. இரண்டாவதாகப் பிறந்த பேரனை அவர் பார்த்தது அவன் நடக்க ஆரம்பித்த பிறகுதான், அவர்கள் விடுமுறைக்கு விழுப்புரம் வந்தபோது.

அவர் ஓய்வுபெற்ற நாளில் மூன்றாவது பெட்டியில் பிரிவுபசாரம் நடந்தது. பொன்னாடைக்குப் பதிலாக ஈரிழைத் துண்டு போர்த்தினார்கள். வாழ்த்துரை நான்தான்.

அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. காரியத்துக்கு மகள் வந்திருந்தாள். அவளுக்கும் இப்போது நரைத்துவிட்டது. காரியம் முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மர்சேயில் பிறந்த அந்தப் பேத்தியும் இருந்தாள். அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறி வரும். மகள் என் பக்கம் திரும்பி, "சித்தப்பா, அந்தத் துண்டு கதைய இவளுக்குச் சொல்லுங்க. நான் சொன்னா சரியா வரல. உங்களாட்டம் யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். அழுத முகம்; சிரிப்பதற்குக் காத்திருந்தது.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவரும் இல்லை, மூன்றாவது பெட்டியும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. காப்பாற்றிக்கொள்ள எனக்கு எந்த மானமும் மிச்சமில்லை.

நான் கதையைச் சொன்னேன். பழைய கதையையே. தளபதி, ஏழு பெட்டி, முகர்ந்து பார்த்த பரிசோதகர், எல்லாம். நன்றாகத்தான் சொன்னேன். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் அப்பா, கடைசி வரைக்கும் யார் சொல்றதையும் கேக்கவே இல்ல" என்றாள். படத்துக்கு மாலை போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எழுத இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் இதன் பிரதி ஒன்று மர்சேய்க்குப் போகிறது. முகவரியை நேற்று சரிபார்த்துக்கொண்டேன்.

எழுதி முடித்ததை ஒரு முறை படித்துப் பார்த்தேன். ஓர் இடத்தைத் திருத்த வேண்டும். பாரிஸ் ஸ்டேஷனில் முன்பதிவு ஜன்னலில் வரிசை மிக நீளமாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அப்படியே சொல்லி வந்ததால் கை தானாக எழுதிவிட்டது. அடித்துத் திருத்தாமல் அங்கேயே விடுகிறேன். என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள உதவும்.

வரிசை நீளமாக இல்லை, அம்மா. உன் அப்பாவுக்கு முன்னால் நான்கு பேர்தான் நின்றார்கள். கடிதத்தை ஒரு கையிலும் பாட்டிலை மறு கையிலும் வைத்துக்கொண்டு அவர் ஐந்தாவதாக நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்தபோது நான்கு மூன்றாகியிருந்தது.